விவேக்குக்கு ஓர் ஊர்

தமிழின் புகழ்பெற்ற துப்பறிவாளர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அவர்களில் அநேகமாக யாரும் போலீஸ்காரர் இல்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், பெயரே சொல்வதுபோல, ஒரு சாமியார். தேவனின் சாம்பு வங்கிக் குமாஸ்தா. தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவும் சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தியும் துப்பறியும் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. காவல் நிலையத்தின் படியேறினால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் வாசகனுக்கு அனுபவத்தில் வாய்த்ததல்ல. ஆகவே உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை வக்கீலிடமும் குமாஸ்தாவிடமும் சாமியாரிடமும் ஒப்படைத்துவிட்டது நம் வெகுஜன எழுத்து. கதையில் வரும் இன்ஸ்பெக்டரின் வேலை, கடைசி அத்தியாயத்தில் ஜீப்பில் வந்து விலங்கு மாட்டுவது மட்டுமே.

இந்த வரிசையில் விதிவிலக்கு ராஜேஷ்குமாரின் விவேக். அவர் க்ரைம் பிராஞ்ச் அதிகாரி, அரசுச் சம்பளம் வாங்குபவர். படைத்தவரோ கோவைக்காரர், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். கொங்கு மண்ணிலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர் படைத்த போலீஸ் துப்பறிவாளர் என்பதால், விவேக்கை நம் வட்டாரத்தின் துப்பறிவாளர் என்று சொல்ல முடியுமா? முடியாது என்பதே என் எண்ணம். அதற்கான காரணத்தை யோசிப்பது பயனுள்ளது என்றும் நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாக்கெட் நாவல் என்றவுடன் உதட்டைச் சுழிக்கும் தீவிர இலக்கிய வாசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1980களிலும் 90களிலும் திருப்பூர் பேருந்து நிலையத்துக் கடைகளில் கொடியில் தொங்கிய அந்த மாத நாவல்களை வாங்கியவர்களில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் கணிசமானவர்கள். கட்டிங் மேஜையிலும் ஓவர்லாக் மெஷினிலும் பகலெல்லாம் நின்றும் குனிந்தும் வேலை செய்தவர்களுக்கு வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்கியவை அவை. இரண்டு தனித்தனிக் கதைகளைத் தண்டவாளம்போல ஓடவிட்டு இறுதியில் ஒரு புள்ளியில் சேர்க்கும் ராஜேஷ்குமாரின் உத்தியை எளிதென்று நினைப்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். தடயவியல் என்ற ஒரு துறை இருப்பதைப் பல்லாயிரம் பேருக்கு அறிமுகம் செய்தவரும் அவரே.

ஆனால் விவேக்குக்கு ஊர் இல்லை. நான் வாசித்த நாவல்களில் கோவையின் தெருப்பெயர்கள் வருகின்றன, ஓட்டல்கள் வருகின்றன. ஆனால் விவேக் எந்த ஸ்டேஷனில் ரைட்டரோடு மல்லுக்கட்டினார், எந்த அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்புக்குப் பின் மௌனமானார், அவருடைய சாதி தெரிந்தபின் சாட்சி சொல்பவரின் குரல் எப்படி மாறியது என்பதெல்லாம் வருவதில்லை. ரூபலாவோடு செல்லச் சண்டை, விஷ்ணுவின் நகைச்சுவை, பிறகு வழக்கு. இதைக் குறையென்று சொல்வதைவிட, அந்த வடிவத்தின் விலை என்று சொல்வதே நியாயம். ஒரே இரவில் அல்லது ஒரு பேருந்துப் பயணத்தில் வாசித்து முடிக்க வேண்டிய மாத நாவலுக்கு, எந்த ஊரிலும் இறக்கிவிடக்கூடிய நாயகன்தான் வசதி. சீருடையும் ஸ்டேஷனும் இல்லாத போலீஸ்காரரைத்தான் வாசகனும் நம்பினான்.

இப்போது பெருமாநல்லூருக்கு வருவோம். கோவை-சேலம் நெடுஞ்சாலையில், திருப்பூருக்கு வடக்கே இருக்கிற ஊர். கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர். பக்கத்தில் ஈட்டிவீரம்பாளையத்தில் ஆயத்த ஆடைப் பூங்கா. மேட்டாங்காடாகக் கிடந்த இடங்களில் இன்று கம்பெனிகளும் தொழிலாளர் விடுதிகளும் இருக்கின்றன. இந்த ஊரில் போலீஸ் என்ற சொல்லுக்கு ஒரு தேதி உண்டு. 1970 ஜூன் 19. மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுடைய நினைவிடத்தில் விவசாய சங்கத்தினர் மாலை வைக்கிறார்கள்.

இந்த ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வரும் ஒரு கற்பனை இன்ஸ்பெக்டரை நினைத்துப் பாருங்கள். அவர் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றின் சுமை அவர் தோளில் இருக்கும். விசாரணைக்குப் போகும் தோட்டத்துத் திண்ணையில் மோர் கொடுப்பார்கள், பேச்சு கொடுக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைத் திறப்பதற்குக் கைரேகை நிபுணர் உதவ மாட்டார். வட்டாரக் குற்றப் புனைவு தொடங்குவது இங்கேதான்.

உலக இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஸ்வீடனில் மாய் ஷோவாலும் பேர் வாலூவும் இணைந்து 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து மார்ட்டின் பெக் நாவல்கள், மக்கள் நல அரசு என்று புகழப்பட்ட தங்கள் நாட்டின் உள்ளறைகளைக் குற்ற விசாரணை வழியாகத் திறந்து காட்டின. அந்த வழியில் வந்த ஹென்னிங் மான்கெல், ஈஸ்டாட் என்ற சிறு நகரத்தின் போலீஸ்காரராக வாலண்டரைப் படைத்தார். 1991 இல் வந்த முதல் நாவலில் ஒரு முதிய விவசாயத் தம்பதி கொல்லப்படுகிறார்கள். கொலையாளி அந்நியனாக இருக்கலாம் என்ற செய்தி கசிந்ததும், ஊரின் வெறுப்பு அகதிகள்மீது திரும்புகிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது திருப்பூர் ரயில் நிலையத்தின் நிலவரத்தைக் கவனித்தவர்களுக்கு அந்த நாவல் தொலைதூரத்துக் கதையாகத் தோன்றாது. வதந்தி ஒரு ஊரை எப்படிப் பிடிக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கக் கிடைப்பவர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர்தான்.

நம்மிடம் போலீஸைப் பற்றிய எழுத்தே இல்லை என்று சொல்லவில்லை. அதே கோவையிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் வந்தார். செய்யாத குற்றத்துக்காகக் குண்டூரில் பிடிக்கப்பட்டுச் சித்திரவதை அனுபவித்ததை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2016 இல் திரைக்கு வந்தது. விவேக்கும் லாக்கப்பும் ஒரே நகரத்தின் எழுத்துகள் என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. ஒன்றில் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் அதிகாரி, மற்றொன்றில் எதையும் கண்டுபிடிக்க விரும்பாமல் லத்தியால் வழக்கை முடிக்கும் அதிகாரிகள். இரண்டுக்கும் நடுவே, உண்மை தெரிந்தும் அதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி தயங்கும் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிய தொடர் நாவல் நம்மிடம் இல்லை.

அது ஏன் வேண்டும்? துப்பறியும் நாவல் ஒரு விஷயத்தில் பிற இலக்கிய வடிவங்களைவிடப் பிடிவாதமானது. ஒரு மரணம் நிகழ்ந்தால் அதற்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று அது நிற்கும். நம் பகுதியின் வாழ்க்கையோ காரணம் கேட்காத மரணங்களால் நிறைந்தது. விடுதியில் தூக்கிட்டுக்கொண்ட இளம்பெண்ணைப் பற்றிய மூன்று வரிச் செய்தி, வயிற்றுவலி தாங்காமல் என்று முடியும். சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்தால், இழப்பீட்டுத் தொகையோடு செய்தி நின்றுவிடும். இயற்கைக்கு மாறான இறப்புகளை முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் பதிவு செய்தார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவில் பதிவு செய்கிறார்கள். எண் மாறியிருக்கிறது. இறந்தவர் ஏன் இறந்தார் என்ற கேள்வி பெரும்பாலும் அந்தக் கோப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

ஒரு நல்ல வட்டாரக் குற்ற நாவல் அந்தக் கோப்பைத் திறக்கும். அப்போது தடயங்கள் இங்கேயே கிடைக்கும். ஏற்றுமதி ஆர்டரின் கெடு, இரவு ஷிப்டின் வருகைப் பதிவேடு, காண்ட்ராக்டரின் முன்பணக் கணக்கு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின் சாயம் எங்கே போனது என்ற கேள்வி, நொய்யலின் நிறம், ஒரத்துப்பாளையம் அணையின் சேறு. குற்றவாளி யார் என்று தேடிப் போகும் வாசகன், ஒருவரை மட்டும் சுட்டிவிட முடியாத இடத்தில் போய் நிற்பான்.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. 2020 இல் சாத்தான்குளம் நடந்த பிறகு, மனசாட்சியுள்ள போலீஸ்காரரை நாயகனாக்குவது அந்தத் துறைக்கு வெள்ளையடிப்பது ஆகாதா? சினிமா அதைச் செய்துகொண்டுதானே இருக்கிறது? ஆபத்து உண்மைதான். சினிமாவின் காவல் அதிகாரி சட்டத்தை மீறுவதால் கைதட்டல் வாங்குகிறார். நான் கேட்கும் ஆள் அவருக்கு எதிர்த்திசையில் இருப்பவர். சட்டத்தில் எழுதியிருப்பதை எழுதியபடி செய்ய முயன்று, அதற்காகவே தோற்பவர். நாவலுக்கு நாவல் அவருக்கு வயதாக வேண்டும், மாற்றல் வர வேண்டும், சமரசங்கள் சேர வேண்டும். ஒரு நாவலில் அவர் மௌனமாக இருந்தது அடுத்த நாவலில் அவரைத் துரத்த வேண்டும். தொடர் என்ற வடிவம் தரும் வசதியே இதுதான். விவேக்குக்கு அது கிடைக்கவில்லை, ஏனெனில் அவருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய பிறவி.

ராஜேஷ்குமார் இதை எழுதியிருக்க வேண்டும் என்று கோருவது அபத்தம். அவர் தன் வாசகருக்குத் தர ஒப்புக்கொண்டதைத் தவறாமல் தந்தார். எழுத வேண்டியவர்கள் அவரை வாசித்து வளர்ந்து, பிறகு வேறு நூல்களுக்கு நகர்ந்தவர்கள். அவர்களில் பலர் இன்று இந்தப் பகுதியின் பள்ளிகளிலும் கம்பெனி அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இருக்கிறார்கள். சிலர் காவல்துறையிலும் இருக்கக்கூடும். கதை முடிச்சை எப்படிப் போடுவது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் செய்ய வேண்டியது, க்ரைம் பிராஞ்ச் அதிகாரியை விமானத்திலிருந்து இறக்கி, பெருமாநல்லூர் நால்ரோட்டில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்க வைப்பது.