குறி பார்க்கும் துவக்கும் குறி பார்க்காத துவக்கும்

"கட்டுத்துவக்கு வெடித்துத் தொழிலாளி படுகாயம்." இந்த ஒற்றைப் பத்திச் செய்தியை என் பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பது நினைவில் இல்லை. எஹலியகொடைத் தோட்டப்புறத்துக்கும் இது புதிய செய்தியன்று. பன்றிக்கென்று கட்டிய துவக்கு, விடியற்காலையில் பால் வெட்டச் சென்றவரின் காலைச் சிதைத்துவிடுகிறது.

வேட்டை ரைபிளின் குறித்துல்லியம் பற்றி அண்மையில் படிக்க நேர்ந்தபோது, இச்செய்திகளே என் மனத்தில் எழுந்தன.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர் பலர் கடைத் தோட்டாவோடு நிறைவடைவதில்லை. சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைச் சேர்த்து, மருந்தை நிறுத்து இட்டு, சன்னத்தைப் பொருத்தித் தாமே தோட்டா தயாரிக்கின்றனர். அவர்கள் நிறுக்கும் அளவு கிரெயின். ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரெயின். ஒரே ஆலையில் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே விதமாகச் சுடுவதில்லை. ஆகவே, கையேடு கூறும் குறைந்த அளவில் தொடங்கி, உச்ச அளவைத் தாண்டாமல் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த அளவில் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று கடதாசியில் பார்க்கின்றனர். 100 யார் தூரத்தில் ஓர் அங்குலத்துக்குள் மூன்று துளைகள் விழுந்தால் மகிழ்ச்சி. இங்கே இரகசியம் வேகமன்று. ஒவ்வொரு தோட்டாவும் முன்னையதைப் போலவே இருப்பதுதான்.

இத்தீவும் இதனை அறியும். நுவரெலியாவில் குடியேறி, 1855 வரை இங்கு வாழ்ந்த சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்பவரைக் கொண்டு தமக்கென ஒரு ரைபிள் செய்வித்தார். அதன் எடை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். ஒரு வேட்டுக்கு 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ் மருந்து. வாய்வழியே மருந்திடும் அக்காலத்தில் ஒவ்வொரு வேட்டையும் சுடுபவனே அளந்தாக வேண்டும். அத்துல்லியம் யானைகளைப் பொழுதுபோக்காகக் கொல்லவே பயன்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. திறமை வேறு, அறம் வேறு.

எனினும், பேக்கரின் துவக்குக்குப் பின்னால் ஒரு கண் இருந்தது. கட்டுத்துவக்குக்கோ கண்ணும் இல்லை, விரலும் இல்லை. கம்பியைத் தட்டுவது பன்றியா, பிள்ளையா என்பதை அது அறியாது.

நாமும் வீட்டில் தோட்டா தயாரிப்போம் என்று நான் கூறவில்லை. அனுமதியின்றி அது குற்றம்; ஆபத்தும்கூட. ஓர் இரவில் மரவள்ளித் தோட்டத்தையே இழந்தவனின் வயிற்றெரிச்சலையும் நான் அறிவேன். அதற்கு விடை சட்டவிரோதக் கட்டுத்துவக்கு அன்று. பயிர்ப் பாதுகாப்புக்கென 12 போர் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, பயிற்சியும் கட்டாயமாக அதனுடன் சேர வேண்டும். தன் துவக்கிலிருந்து 30 யார் தூரத்தில் சன்னங்கள் எவ்வளவு பரவுகின்றன, கடையில் கிடைப்பவற்றுள் எந்தத் தோட்டா தன் குழலுக்கு இசைகிறது என்பதைக் கடதாசியில் சுட்டு அறியாதவன் இரவில் பன்றியை நோக்கிச் சுடலாகாது. காயத்தோடு ஓடும் பன்றி, காலையில் கொழுந்துக் கூடையோடு செல்பவளுக்கு எமனாகும்.

துல்லியம் என்பது பொறுப்பின் மறுபெயர். சுடுபவன் முகம் காட்டி, குறி பார்த்து, தன் வேட்டுக்குப் பதில் சொல்லட்டும். அந்த ஒற்றைப் பத்திச் செய்தியை எழுதும் வேலை பத்திரிகையாளருக்கு அப்போதுதான் குறையும்.