சிவப்பு விளக்கும் வாராக்கடனும்

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு இதெல்லாம் தேவையா சார்?" என்று கேட்பவர்கள் ஒரு கோஷ்டி. "ஒரிஜினல் டேஷ்போர்டு அழகையே கெடுத்துட்டீங்களே" என்று அங்கலாய்ப்பவர்கள் இன்னொரு கோஷ்டி. மாருதி 800-ல் ஆயில் பிரஷர் மீட்டரும் வோல்ட் மீட்டரும் மாட்டுகிறவன் இந்த இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான். நான் மாட்டியிருக்கிறேன், இரண்டு அர்த்தத்திலும் :-)

இரண்டு கோஷ்டியும் சொல்வது தப்பு. ஏன் தப்பு என்று இன்றைக்கு விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன். புனே, நாக்பூர், அகமதாபாத் என்று எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பழைய வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் வண்டியைப் பற்றி. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. என்னுடையது 1998 மாடல், கார்புரேட்டர், நாலு கியர். டேஷ்போர்டில் ஸ்பீடாமீட்டர் உண்டு, பெட்ரோல் முள் உண்டு, சூடு காட்டும் முள் உண்டு. ஆயிலுக்கும் சார்ஜுக்கும் முள் கிடையாது. எண்ணெய்க் கிண்ணம் போல ஒரு சிவப்பு விளக்கு, பேட்டரி போல ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் இரண்டும் எரியும், இன்ஜின் ஓடினால் அணையும். அணைந்துவிட்டால் எல்லாம் நலம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அந்த ஆயில் விளக்கு எப்படி வேலை செய்கிறது தெரியுமா? இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான் அதற்கு எல்லாம். ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 0.3, 0.4 பாருக்குக் கீழே போனால் அது ஒட்டும், விளக்கு எரியும். அதற்கு மேலே இருந்தால் விளக்கு எரியாது. நெடுஞ்சாலையில் சூடான இன்ஜினுக்கு இருக்கவேண்டிய அழுத்தம் சுமார் மூன்று பார். அது இரண்டானாலும் விளக்கு பேசாது, ஒன்றரையானாலும் பேசாது. அரைக்கும் கீழே விழுந்த பிறகுதான் வாயைத் திறக்கும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும்போது அது வாயைத் திறந்தால், நீங்கள் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுவதற்குள் பேரிங் கதை முடிந்திருக்கும். இங்கிலீஷ்காரன் இதற்கு 'இடியட் லைட்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. (இடியட் என்று அவன் சொல்வது விளக்கையா ஓட்டுகிறவரையா என்று தங்கமணி கேட்டாள். கேள்வி நிலுவையில் இருக்கிறது.)

நான் பி.காம் படித்து பேங்கில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தவணை நின்று 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். சிவப்பு விளக்கு என்பது அதுதான். அந்த நிலைக்கு வந்த பிறகு கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் 2014-ல் ரிசர்வ் வங்கி அதற்கு முந்தைய படிகளைக் கொண்டுவந்தது. முப்பது நாள் வரை ஒரு படி, அறுபது வரை இன்னொன்று, தொண்ணூறு வரை மூன்றாவது. எஸ்.எம்.ஏ. என்று பெயர். கணக்கு கெடுவதற்கு முன்னாலேயே நாங்கள் கஸ்டமரைக் கூப்பிட்டு, "என்ன சார், வியாபாரம் எப்படிப் போகுது?" என்று விசாரித்தாகவேண்டும். மீட்டர் என்பது இந்த எஸ்.எம்.ஏ. பட்டியல். ஒரு லட்ச ரூபாய் கடனுக்கு இத்தனை கண்காணிப்பு வைக்கிற நாம், நாலு உயிர் உட்கார்ந்து போகிற வண்டியை மட்டும் வாராக்கடன் நோட்டீஸை நம்பி ஓட்டுகிறோம்.

"பத்தி ஹை நா சாப், மீட்டர் க்யூன்?" என்றார் இங்கே ஒரு மெக்கானிக். விளக்கு இருக்கிறதே, மீட்டர் எதற்கு என்கிறார். அவர் கைராசிக்காரர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி நடுவழியில் நிற்கப்போவது அவர் இல்லையே. என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்குக் கிளம்பினார். வண்டி இதே 800, பின்சீட்டில் வயதான அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். கோலாப்பூர் தாண்டி, நிப்பாணி தாண்டி, விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. அடுத்த நிமிடம் நிலையாக எரிந்தது. மனிதர் உடனே நிறுத்திவிட்டார், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் அதற்குள் பிக் எண்ட் பேரிங் தட்ட ஆரம்பித்துவிட்டது. இன்ஜினை இறக்கவேண்டும் என்றார்கள். பொங்கல் பானை ஊரில், இவர்கள் பெல்காம் லாட்ஜில். பிரித்துப் பார்த்தபோது அந்தத் தேய்மானம் ஒரு நாளில் வந்ததல்ல என்று அங்கிருந்த மெக்கானிக்கே சொன்னார். பல மாதமாக இறங்கி இறங்கி வந்திருக்கிறது. ஒரு முள் இருந்திருந்தால் தீபாவளிக்கே சொல்லியிருக்கும்.

ஏனென்றால் மீட்டரில் பார்க்கவேண்டியது ஒரு நாள் எண்ணை அல்ல, போக்கை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், முள் உயரப் போகும். சூடான பிறகு இறங்கும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது ஒரு பார் பக்கத்தில் நின்றாலும் பயமில்லை. ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்று ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு, ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. ஆனால் அதைவிட முக்கியம் உங்கள் வண்டியின் வழக்கமான எண். போன மாதம் சூட்டில் ஐடிலில் 1.2 நின்ற முள் இந்த மாதம் 0.8-ல் நின்றால் விசாரணை தேவை. ஆயில் குறைந்திருக்கலாம், நீர்த்துப்போயிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங் இடைவெளி கூடியிருக்கலாம். விளக்குக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது வோல்ட் மீட்டர். இதைத்தான் பலரும் அலங்காரச் சாமான் என்று நினைக்கிறார்கள். சார்ஜ் விளக்கு ஆல்டர்னேட்டர் (நம்மூர் பாஷையில் டைனமோ) மொத்தமாகப் படுத்தால் எரியும். அரைகுறையாக வேலை செய்தால் பெரும்பாலும் எரியாது. அளவுக்கு மீறி சார்ஜ் செய்தாலும் எரியாது. முள்ளோ எல்லாவற்றையும் சொல்லும். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டவேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே சரிந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டைனமோவில் பிரஷ் தேய்ந்திருக்கலாம், எர்த் ஒயர் பாசி பிடித்திருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி தண்ணீர் கொதிக்கும். இதில் இன்னொரு விஷயம். 800-ல் டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட் நழுவுவதை வோல்ட் மீட்டர் முதலிலேயே காட்டிக்கொடுத்தால் ஹெட் கேஸ்கெட்டும் தப்பிக்கும். சித்ரதுர்கா பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு ஹெட்லைட் மங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, மாலையில் ஹூப்ளி டீக்கடையில் தெரிந்துகொள்வது உத்தமம்.

(வோல்ட் மீட்டர்தான், அம்மீட்டர் வேண்டாம். திருவொற்றியூர் புல்லட்டில் ஹெட்லைட் பக்கத்தில் சின்னதாக ஆடுமே ஒரு முள், அது அம்மீட்டர். அதற்கு சார்ஜ் கரண்ட் முழுவதையும் தடித்த ஒயரில் டேஷ்போர்டுக்குக் கொண்டுவரவேண்டும். உரசினால் தீதான்.)

இனி ஒரிஜினல் கோஷ்டி. இவர்கள் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். பழைய வண்டிமேல் பாசம் உள்ளவர்கள்தான், ஆனால் பாசம் பிளாஸ்டிக்மேல் இருக்கிறது, இன்ஜின்மேல் இல்லை. டேஷ்போர்டில் ஒரு ஓட்டைகூடப் போடவேண்டாம் ஐயா. அடியில் ஒரு தகட்டுப் பட்டையில் தொங்கவிடலாம், நாளைக்கே கழற்றலாம். இங்கிலாந்தின் மினி காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் மினி கூப்பர் வந்தபோது, நடுவிலிருந்த ஸ்பீடாமீட்டருக்கு இரண்டு பக்கமும் ஆயில் முள்ளும் சூடு முள்ளும் வைத்து கம்பெனியே விற்றது. இன்ஜினை விரட்டி ஓட்டுகிறவனுக்கு அது தேவை என்று செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது.

"புது வண்டியிலகூட ஆயில் மீட்டர் இல்லையே" என்பது அடுத்த வாதம். புது வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது, பத்து சென்சார் இருக்கிறது. 1998 கார்புரேட்டர் வண்டியில் இருப்பது அந்த ஒரு ஸ்விட்ச். தவிர, கம்பெனிகள் முள் வைக்காததெல்லாம் நம் நன்மைக்காக என்று நினைக்காதீர்கள். மஸ்டா மியாட்டாவில் 1995 மாடலிலிருந்து ஆயில் மீட்டரைப் பொம்மை ஆக்கிவிட்டார்கள். முள் இருக்கும், ஆனால் பின்னால் இருப்பது வெறும் ஸ்விட்ச். நடுவில் வந்து அசையாமல் நிற்கும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. மகாராஷ்டிராவில் பசுமை வரி தனி. இத்தனையும் கட்டி வண்டியை வைத்துக்கொள்கிறவர், இதில் பாதிகூட ஆகாத இரண்டு மீட்டருக்கு யோசிப்பது எந்த ஊர் சிக்கனம்?

ஆனால் மாட்டுகிறேன் என்று கிளம்பி நாசம் செய்கிறவர்களையும் விடமாட்டேன். நீல விளக்கு, குரோம் வளையம், பின்னால் பார்த்தால் முறுக்கி டேப் சுற்றிய ஒயர். ஃப்யூஸ் கிடையாது. இதற்கு விளக்கே மேல். சூடான ஆயிலைக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவரும் மீட்டரும் வேண்டாம், குழாய் விட்டுப்போனால் உங்கள் காலில்தான் கொட்டும். சென்சார் வைத்த எலக்ட்ரிக் மீட்டர் வாங்குங்கள். பழைய ஸ்விட்சைக் கழற்றி எறியாதீர்கள். டி வடிவ பித்தளை இணைப்பு போட்டால் விளக்கும் இருக்கும், முள்ளும் இருக்கும். கனமான சென்சாரை அந்தப் பித்தளையிலேயே தொங்கவிட்டால் அதிர்வில் ஒரு நாள் முறியும், மொத்த ஆயிலும் ரோட்டில். சின்ன ஹோஸ் போட்டு பாடியில் கிளிப் வைத்துக் கட்டவேண்டும், சென்சாருக்குத் தனி எர்த் ஒயரும் இழுக்கவேண்டும்.

மரை விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். ஜப்பான் இன்ஜின்களில் வழக்கமாக வருவது அங்குலத்துக்கு 28 மரை. கடையில் கிடைக்கும் மீட்டர்களில் பல அமெரிக்க அளவு, 27 மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, போயிடும் சாப்" என்று மெக்கானிக் பெரிய ஸ்பானரை எடுத்தால் கையைப் பிடித்துவிடுங்கள். பிளாக்கில் மரை போனால் இந்த வயதில் அந்த வண்டிக்கு வேறு பிளாக் தேடி அலையமுடியாது. சரியான அடாப்டர் வாங்கிக்கொண்டு வேறொரு நாள் போங்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை வோல்ட் மீட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற மாதிரியே கிடைக்கிறது, ஒயர்கூட வெட்டவேண்டாம். பழைய ஒயரிங்கில் நாலைந்து பாயிண்ட் குறைவாகக் காட்டும், ஒரு முறை பேட்டரியிலேயே மல்டிமீட்டர் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆயில் மீட்டரை ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மாட்டாதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே மாட்டி, உள்ளூரில் ஓட்டி, உங்கள் வண்டியின் எண்ணைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.