116-ன்னு ஆரம்பிச்சா யாரு வீட்டுப் புள்ள?

பழைய வாக்குவம் கிளீனர் சேர்க்கிறேன்னு சொன்னாலே நம்மாளுங்க ஒரு மாதிரியா பார்ப்பாங்க. அதுலயும் நான் தேடுறது ஒரு கம்பெனி செஞ்சு, இன்னொரு கம்பெனி தன் பேரை ஒட்டி வித்த மிஷினுங்க. இங்க அமெரிக்காவுல இதே கிறுக்கு பிடிச்சவங்களே "அதை எதுக்குப்பா தூக்கிட்டு வர்றே?"ங்கிறாங்க. அவங்களுக்கு ஹென்றி டிரேஃபஸ் வடிவமைச்சு 1936-ல வந்த ஹூவர் 150 வேணும், இல்லேன்னா 1937-ல வந்த எலக்ட்ரோலக்ஸ் முப்பது வேணும். ரெண்டும் அழகான மிஷின்தான், இல்லேங்கல. ஆனா பேரு ஒட்டுனதெல்லாம் மட்டம்னு சொல்றதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல.

சரி, மேட்டருக்கு வருவோம். சியர்ஸ்னு ஒரு கடை. ஒரு காலத்துல அமெரிக்கா பூரா கொடிகட்டிப் பறந்து, 2018 அக்டோபர்ல திவால் மனு போட்ட அதே சியர்ஸ்தான். அவங்க பிராண்டு கென்மோர். வாஷிங் மெஷின்ல இருந்து வாக்குவம் கிளீனர் வரைக்கும் அந்தப் பேர்ல வித்தாங்க. ஆனா செஞ்சது வேற வேற கம்பெனிங்க. மிஷினைத் திருப்பிப் போட்டு அடியில இருக்கிற தகட்டைப் பாருங்க. மாடல் நம்பர்ல முதல் மூணு இலக்கம், அப்புறம் ஒரு புள்ளி. அந்த மூணு இலக்கம்தான் செஞ்சவங்க ஜாதகம். வாஷிங் மெஷின்ல 110-ன்னா வேர்ல்பூல். தையல் மிஷின்ல 385-ன்னா ஜப்பான்காரன் ஜனோமே.

வாக்குவம் கிளீனர்ல அடிக்கடி கண்ணுல படுறது 116. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. கென்டக்கி மாநிலம் டான்வில்ல வேர்ல்பூலுக்கு ஒரு வாக்குவம் கிளீனர் தொழிற்சாலை இருந்துச்சு. 1990-ல அதை மட்சுஷிடா, அதாவது நமக்குத் தெரிஞ்ச பானசோனிக், வாங்கிடுச்சு. முதலாளி மாறினாலும் 116 மாறல! அதனால நம்பரை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, எந்த வருஷத்து மிஷின்னும் பார்க்கணும். இதுக்கு ஒரு துப்பு கடையிலயே கிடைக்கும். கென்மோர் சி வகைக் குப்பைப் பை பாக்கெட்டை எடுத்துப் பாருங்க, பல கம்பெனி பாக்கெட்டுல பானசோனிக் சி-5-க்கும் பொருந்தும்னு போட்டிருக்கும். பேரு பொய் சொல்லலாம், பை சொல்லாது :-)

"ஒரிஜினல் பிராண்டு" கோஷ்டிக்கு நான் ஒண்ணு கேக்குறேன். ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸ், அமெரிக்க எலக்ட்ரோலக்ஸ்ல தனக்கிருந்த பங்கை 1968-ல வித்துட்டு, 1974-ல யுரேகாவை வாங்குச்சு. அப்புறம் பல வருஷம் அமெரிக்காவுல எலக்ட்ரோலக்ஸ்னு பேரு போட்டு வந்த வாக்குவம் கிளீனர் ஸ்வீடன்காரனோடது இல்ல. ஸ்வீடன்காரன் அங்க வித்ததுல எலக்ட்ரோலக்ஸ்ங்கிற பேரு இல்ல. 2000-கள்லதான் அந்தப் பேரு அவங்க கைக்குத் திரும்புச்சு. நம்ம ஊர்ல கழுத்துல டை கட்டிக்கிட்டு கதவைத் தட்டுவாங்களே, யுரேகா ஃபோர்ப்ஸ், அதுவும் 1982-ல இந்த எலக்ட்ரோலக்ஸ் கூட்டுல ஆரம்பிச்ச கம்பெனிதான். இப்போ சொல்லுங்க, இதுல எது ஒரிஜினல்?

இது வெறும் வெட்டி ஆராய்ச்சி இல்ல. யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் பெல்ட் எது, கார்பன் பிரஷ் எதுன்னு தேட முடியும். தெரியலேன்னா நல்ல மோட்டார் இருக்கிற மிஷின் நேரா குப்பைக்குப் போயிடும். சியர்ஸ் கவுண்ட்டர்ல போய்க் கேக்கலாம்னா கவுண்ட்டரே கிட்டத்தட்ட காணாமப் போச்சு. கென்மோர்ங்கிற பேரு மட்டும் லைசென்ஸ்ல ஓடிட்டிருக்கு. மிச்சமிருக்கிற சாட்சி அந்தத் தகடுதான். பளபளன்னு ஆக்குறேன்னு அதைச் சுரண்டி எடுக்கிறவங்களையும், கென்மோர் பேட்ஜைக் கழட்டிட்டு "செஞ்சவன்" பேட்ஜை ஒட்டி விக்கிறவங்களையும் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒட்டுன பேரும் அந்த மிஷினோட வரலாறுதான். ரெண்டு பேரையும் வச்சுக்கோங்க, ஒண்ணை அழிக்காதீங்க.

இவ்வளவு சூடு எதுக்குன்னு கேட்டா, நானும் பொட்டி தட்டுறவன்தானே. ஆறு வருஷமா நான் புடுங்கின ஆணி எல்லாம் கிளையண்ட் பேர்லதான் வெளியே போகுது. ஸ்க்ரீன்ல அவங்க லோகோ, அவங்க கலர். நாலு பேரு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதினதுக்கு, எங்கேயோ ஒரு மூலையில வெர்ஷன் நம்பர் மட்டும்தான் அடையாளம். சம்பளம் வாங்குறோம், அதைப் பத்திப் புலம்பல. ஆனா "அதெல்லாம் சும்மா பேரு ஒட்டுன சரக்கு"ன்னு யாராவது சொன்னா, டான்வில்ல அந்த மோட்டாரை முறுக்கி மாட்டின ஆளு சார்பா எனக்குக் கோபம் வருது. அவர் தரத்துல எதையும் குறைச்சிடல. ஸ்டிக்கர் மட்டும்தான் வேற.

உங்களுக்கும் ஆசை வந்தா ரெண்டே விஷயம். துடைக்கிறதுக்கு முன்னாடி தகட்டைப் போட்டோ எடுத்துடுங்க. பழைய தகட்டுல எழுத்து துணி பட்டாலே போயிடலாம். அப்புறம், இதெல்லாம் 120 வோல்ட் மிஷின். பாசத்துல ஊருக்குத் தூக்கிட்டுப் போய் 230 வோல்ட்ல நேரா சொருகிடாதீங்க. அப்புறம் ஜாதகம் பார்க்க மிஷின் மிஞ்சாது!