இரண்டு நாள் புதுவை

வார இறுதிப் பயணக் கட்டுரை என்றொரு வகை நம்மிடையே தழைத்து வருகிறது. வெள்ளி இரவு புறப்பாடு, சனி காலை கடற்கரை, நடுப்பகலில் பிரெஞ்சு உணவகம், மாலையில் மஞ்சள் சுவரோரம் நிழற்படம், ஞாயிறு மதியம் 'இந்தியாவிற்குள் ஒரு பிரான்சு' என்ற முத்தாய்ப்பு. புதுவையைப் பற்றி இவ்வகையில் நாம் படித்த கட்டுரைகளை வரிசை மாற்றி அடுக்கினாலும் ஒன்றுக்கும் சேதமில்லை. எல்லாம் ஒரே கட்டுரைதான்.

நாம் தட்டாஞ்சாவடிவாசிகள். தட்டார்களின் பெயரும் வழிப்போக்கர் தங்கும் சாவடியின் பெயரும் சேர்ந்து நின்ற ஊர் இது. ஆயினும் இங்கு எந்த வழிப்போக்கரும் தங்குவதில்லை. வழுதாவூர் சாலையில் காரின் கண்ணாடியை இறக்கி, "சார், பிரெஞ்ச் ஏரியாவுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பார்கள். நாமும் வழி சொல்வோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே புதுவை என்பது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் இருப்பதாக நாமும் நம்பத் தொடங்கிவிட்டோமோ என்ற ஐயமே இதை எழுதத் தூண்டியது.

முதலில் அந்தப் 'பிரெஞ்சு நகரம்' என்ன என்று பார்ப்போம். 1693இல் டச்சுக்காரர்கள் புதுவையைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தனர். நேர்கோட்டு வீதிகள் என்று பயணிகள் வியக்கும் அமைப்பிற்கு வரைபடம் போட்டவர்கள் அவர்களே. அதன்பின் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய நகரை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். கோட்டையும் ஆளுநர் மாளிகையும் ஒருங்கே போயின. 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு அந்த இடிபாட்டின்மேல் எழுந்ததே இன்று நாம் காண்பது. சுண்ணாம்பு அரைத்தவரும் செங்கல் சுமந்தவரும் பூச்சு வேலை செய்தவரும் இம்மண்ணின் கொத்தனார்கள். டச்சுக் கோடு, தமிழ்க் கை, பிரெஞ்சுப் பெயர்ப் பலகை! இதில் கடைசியை மட்டும் நிழற்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அழிந்த அந்த நகரைக் காண வேண்டுவோர்க்கு வழியில்லாமல் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் மறைந்தார். துய்ப்ளேயின் காலத்தில், 1748இல், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் இன்று படித்தாலும் மனத்தைக் கலைப்பவை. அவர் பெயர் தாங்கிய வீதியில், பெரிய மார்க்கெட்டின் அருகே அவர் வீடு நிற்கிறது. அந்நாட்குறிப்பிலிருந்தே பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களைப் படைத்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஞாயிறு மதியம் அவ்வீட்டின் முன் நின்று பாருங்கள். மார்க்கெட்டுக்குப் போகிறவர்களைத் தவிர ஒருவரும் இரார்.

அடுத்து, பசுமை. மரம் சூழ்ந்த வீதிகள் என்று எழுதாத கட்டுரை இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் எத்தனை மரங்களை வேரோடு சாய்த்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்ந்த நகர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடங்கள் எங்கே என்று கேட்டால்தான் புதுவையின் உண்மையான பசுமை புலப்படும். ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் அவற்றின் வாய்க்கால்களுமே அது. பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்விநிலையம் இருந்து, அதற்கு நிருபதுங்கவர்மன் காலத்தில் ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. பாரதியின் குயில் பாட்டுக்கு இடம் தந்த தோப்பு முத்தியால்பேட்டையில். இவையெல்லாம் எந்த இரண்டு நாளில் அடங்கும்?

அரிக்கமேட்டைப் பற்றி ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். 1945இல் வீலர் அகழ்ந்து, உரோம வணிகத்தின் சான்றுகளை உலகிற்குக் காட்டிய இடம். அங்கே மேலே நிற்கும் செங்கற்சுவரைக் காட்டி "இதுதான் உரோமர் கட்டியதா ஐயா?" என்று நம் மாணவர் கேட்டார். அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் பள்ளியின் எச்சம். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டினப்பாலை நடத்தும் நாம் அவர்களை அங்கே அழைத்துச் சென்றதே அந்த ஒருமுறைதான். புதுவைத் தமிழாசிரியருக்கு அரிக்கமேடு இவ்வளவு தூரமென்றால் பெங்களூர்க்காரரை எந்த வாயால் கடிவது?

துருக்கியில் பூர்ஸா என்றொரு நகரம். பசும் பூர்ஸா என்பதே அதன் செல்லப் பெயர். 1326இல் உதுமானியர் கைப்பற்றித் தம் தலைநகராக்கிக்கொண்டது. அகமது ஹம்தி தன்பினார் 1946இல் வெளியிட்ட 'ஐந்து நகரங்கள்' நூலில் அதற்கும் ஒரு பகுதி உண்டு. அங்கே பட்டுக்கூடு விற்ற பழஞ்சத்திரத்தைப் பயணிகள் இன்றும் தேடிப் போகிறார்கள். ஓர் ஊரின் உழைப்பும் அதன் அழகில் ஒரு பகுதிதான் என்பது அங்கே விளங்கியிருக்கிறது. நமக்கும் நெசவு உண்டு. இங்கு நீலம் தோய்த்த துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். எட்டு மணி நேர வேலை அந்தக் குருதியில் வந்தது. 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலை 2020இல் மூடப்பட்டது. எந்த வார இறுதிக் கட்டுரையில் இவற்றைக் கண்டோம்?

சுற்றுலா வராவிட்டால் ஊருக்குச் சோறு ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆட்டோ ஓட்டும் நம் அண்டை வீட்டார் ஞாயிற்றுக்கிழமையை நம்பியே இருக்கிறார். வராதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பார்க்க வருவோர் எதைக் கேட்கிறார்களோ அதற்கே பணம் ஒதுக்கப்படுகிறது. 2014 நவம்பரில் இடிந்து விழுந்த மேரி கட்டடம் மீண்டும் எழுந்து 2021இல் திறக்கப்பட்டது, மகிழ்ச்சி. வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடுகள் ஒவ்வொன்றாய் விழும்போது கேட்பவர் யார்? இடித்தவர்களே அவ்விடத்தில் விடுதி கட்டி, கடுகு மஞ்சள் பூசி, பிரெஞ்சில் பெயர் வைக்கிறார்கள். தமிழ் வீட்டை இடித்துப் பிரெஞ்சு வீட்டுக்கு நகல் எடுக்கும் விந்தை வேறெங்கேனும் உண்டா?

அடுத்த சனிக்கிழமை முதலாமாண்டு மாணவர்களுடன் பெரிய மார்க்கெட்டிலிருந்து ஈசுவரன் தருமராசா கோயில் தெரு வழியாகப் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு வரை நடப்பதாக இருக்கிறோம். காலை ஏழு மணி, வெயிலுக்குமுன் முடித்துவிடலாம். கார் கொண்டு வர வேண்டாம், நிறுத்த இடமில்லை.