தேவதாஸ் என்னும் பொதுப்பெயர்

தேவதாஸ் புதிதாகத் திரைக்கு வரும்போதெல்லாம் பார்வையாளர்களிடமிருந்து ஒரே குறை எழுகிறது: ‘இது தேவதாஸ் அல்ல.’ 2002இல் சஞ்சய் லீலா பன்சாலியின் படம் வந்தபோது பளிங்கு மண்டபங்களையும் பட்டுச் சேலைகளையும் கண்டவர்கள் இதைச் சொன்னார்கள். 2009இல் அனுராக் காஷ்யப் கதையை இன்றைய பஞ்சாபுக்கும் தில்லிக்கும் கொண்டுவந்து ‘தேவ் டி’ என்று பெயரிட்டபோது இன்னும் உரக்கச் சொன்னார்கள். தலைப்பிலேயே பாதிப் பெயரை வெட்டிவிட்ட படத்திடம் முழு விசுவாசத்தை எதிர்பார்ப்பது சற்று விந்தைதான். ஆயினும் எதிர்பார்த்தார்கள்.

இந்தக் குறையைச் சொல்பவர்கள் எந்தத் தேவதாஸை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டால் விடை எளிதில் அகப்படாது. சரத்சந்திர சட்டோபாத்யாயர் இந்நாவலைத் தம் இருபதுகளில் எழுதினார். வெளியிட நெடுங்காலம் தயங்கினார். 1917இல்தான் அது நூலாயிற்று. 1928இல் நரேஷ் மித்ரா அதை ஊமைப்படமாக்கினார். 1935இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காகப் பிரமதேஷ் பருவா வங்காளத்தில் இயக்கி, தாமே நாயகனாக நடித்தார். அடுத்து அவரே இந்தியில் எடுத்தபோது நாயகன் குந்தன்லால் சைகல். அந்த இந்திப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராய், 1955இல் திலீப் குமாரை வைத்துத் தாமே ஒரு தேவதாஸை இயக்கினார். இடையில் 1953இல் வேதாந்தம் ராகவய்யா தெலுங்கிலும் தமிழிலும் நாகேஸ்வர ராவையும் சாவித்திரியையும் கொண்டு எடுத்தது, தென்னிந்தியாவுக்கு மூலப்படமாகவே ஆகிவிட்டது. சைகலின் குரலில் தோய்ந்தவருக்குத் திலீப் குமார் பின்னால் வந்தவர். திலீப் குமாரைக் கண்டு வளர்ந்தவருக்கு ஷாருக் கான் அத்துமீறியவர். நாகேஸ்வர ராவைப் பார்த்தவருக்கு மற்ற எல்லாருமே போலிகள். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த படத்தையே மூலம் என்று கொள்கிறது. நாவல் அந்த வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறது.

தழுவல் ஆய்வு செய்யும் கல்வியுலகம் இத்தகைய எதிர்வினைகளை மரியாதையாக ஒதுக்கிவைத்துவிடுகிறது. மூலத்துக்கு விசுவாசமா இல்லையா என்னும் கேள்வி பழையது, முதிர்ச்சியற்றது, தழுவலைத் தனிப் படைப்பாகவே அணுக வேண்டும் என்பது இன்று கருத்தரங்குகளில் மறுப்பின்றிச் செல்லுபடியாகும் வாக்கியம். கோட்பாட்டளவில் அது சரி. ஆனால் பார்வையாளர் தவறான கேள்வியைக் கேட்கிறார் என்பதற்காக அவர் தரும் சான்றையும் தூக்கி எறிவது ஆய்வாளருக்கு அழகல்ல. தேவதாஸ் திரைப்படங்களுக்கு எழுந்த எதிர்வினைகள், சமூகம் ஒரு நாவலை எந்தச் சொல்லாகச் சுருக்கி வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் மொழித்தரவுகள்.

‘தேவதாஸ்’ இன்று இயற்பெயர் மட்டுமன்று. தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அது பொதுப்பெயர். தாடி வளர்த்த இளைஞனைப் பார்த்து ‘என்ன, தேவதாஸ் ஆகிவிட்டாயா?’ என்று கேட்பவர் சரத்சந்திரரின் ஒரு பக்கத்தையும் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தப் படத்தையும் பார்த்திருக்கவும் வேண்டியதில்லை. தாடி, சால்வை, மதுக்குப்பி, பக்கத்தில் ஒரு நாய் என்று அந்தச் சொல்லுக்கு நிலையான உருவமும் தென்னாட்டில் அமைந்துவிட்டது. நாய் நாகேஸ்வர ராவின் படத்தால் பெற்ற புகழ். நாவலின் நாயகனுக்கு அப்படி ஒரு துணை இல்லை. இயற்பெயர் பொதுப்பெயராகும்போது பொருள் சுருங்கும் என்பது மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்பது. கர்ணன் என்றால் கொடை, சகுனி என்றால் சூழ்ச்சி. மற்றப் பண்புகள் உதிர்ந்துவிடுகின்றன. தேவதாஸ் என்னும் சொல்லில் உதிர்ந்தவை எவை என்பதே இங்கு முக்கியம்.

நாவலின் இறுதியில் கதைசொல்லி வாசகரை நேராக நோக்கிப் பேசுகிறார். தேவதாஸைப் போன்ற ஒருவனை எப்போதேனும் சந்திக்க நேர்ந்தால் அவனுக்காக இறைஞ்சும்படி வேண்டுகிறார். அவ்விடத்தில் அவர் நாயகனுக்குத் தரும் அடைமொழிகள் மூன்று: நற்பேறு இல்லாதவன், தன்னடக்கம் இல்லாதவன், பாவி. முதலாவது இரக்கம், மற்ற இரண்டும் குற்றச்சாட்டு. பொதுப்பெயர் முதல் அடைமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. கதையும் அந்த இரண்டுக்கும் போதிய சான்று தருகிறது. நள்ளிரவில் துணிந்து அவன் அறைக்கு வருபவள் பார்வதி. ஊர் என்ன சொல்லுமோ என்று கலங்குபவன் அவன். பெண்ணுக்குப் பணம் வாங்கும் வழக்கமுள்ள வீடு, அதிலும் அண்டை வீடு என்று பெற்றோர் மறுத்ததும் கல்கத்தாவுக்குப் போய்விடுகிறான். அங்கிருந்து, அவள்மீது தனக்குப் பெரிதாகக் காதல் இருந்ததில்லை என்று கடிதம் எழுதுகிறான். அனுப்பிய பிறகு வருந்துகிறான். திரும்பி வந்து கேட்கும்போது அவள் தன்மானத்தோடு மறுக்கிறாள். நீர்த்துறையில் தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடிக்கிறான். நிலவுக்கும் களங்கம் உண்டு என்பதுபோல ஒரு சமாதானமும் சொல்கிறான். காதல் தோற்றவன் என்பதைவிடக் கேட்க வேண்டிய வேளையில் வாய்திறக்காதவன் என்பதே அவனுக்கு நெருங்கிய விவரணம்.

இவ்வளவு வெளிப்படையான குற்றச்சாட்டு எப்படிக் காணாமற் போயிற்று? பார்வையாளர் கவனிக்கவில்லை என்பது சோம்பேறி விடை. நாவலின் மொழியிலேயே காரணத்தைத் தேட வேண்டும். வங்காள உரைநடைக்கு அன்று இரண்டு வழக்குகள் இருந்தன: எழுத்துக்குரிய சாது பாஷை, பேச்சுக்குரிய சலித பாஷை. செந்தமிழும் பேச்சுத்தமிழும் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரத்சந்திரர் இந்நாவலில் கதைசொல்லியைச் சாது வழக்கிலும் பாத்திரங்களைப் பேச்சு வழக்கிலும் நிறுத்துகிறார். தீர்ப்பு, இடைவெளி, மெல்லிய எள்ளல் ஆகிய யாவும் சாது வழக்கில் இருக்கின்றன. திரைக்குப் போவது உரையாடல். அதாவது நாவலின் ஒரு வழக்கு மட்டும். மற்றதைப் பேச ஆளில்லை.

அந்தக் காலியிடத்தை இந்தியத் திரைப்படம் பாடலால் நிரப்பிற்று. பருவாவின் இந்திப் படத்தில் சைகல் தாமே பாடினார். 1953இல் நாகேஸ்வர ராவுக்குக் கண்டசாலா. 1955இல் திலீப் குமாருக்குத் தலத் மஹ்மூத். மூவரின் குரலும் துயரத்துக்கென்றே வார்த்தவை. தமிழ்ப் படத்துக்கு உடுமலை நாராயணகவி எழுதிய பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. இதில் இலக்கணம் மாறிவிட்டது. கதைசொல்லி ‘அவன்’ என்றார். பாடல் ‘நான்’ என்கிறது. படர்க்கையில் குற்றமும் இரக்கமும் சேர்ந்திருந்த மனிதன், தன்மையில் பாடத் தொடங்கியதும் வெறும் துயரமாகிவிட்டான். தன்னைப் பாவி என்று ஒருவன் தானே பாடினாலும் கேட்பவருக்கு அது அடக்கமாகவே ஒலிக்கும். பார்வையாளர் பாடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். பொதுப்பெயர் பிறந்தது அங்கேதான்.

விளிச்சொற்களின் கதியும் இத்தகையதே. வங்காளத்தில் முன்னிலைக்குத் துயி, துமி, ஆப்னி என்று மூன்று படிகள். சிறுவயதில் தேவதாஸ் பார்வதியைத் துயி என்று அதட்டுகிறான். அவளோ அவனைத் ‘தேவ்தா’ என்கிறாள். கடைசி அசை மூத்தவனுக்குரிய உறவுச்சொல்லின் சுருக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் ‘தேவண்ணா’ என்றாகும். அந்தக் கணமே தமிழ்க் காதில் காதற்கதை முடிந்துவிடும். வங்காளத்தில் அப்படி முடிவதில்லை. மூத்தவன் என்ற அதிகாரம், அடிக்கும் உரிமை, அன்பு மூன்றும் அந்த ஓர் அசையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வங்காளத்துப் பாரு இந்தியில் பாரோ ஆனாள். ‘தேவ்’, ‘பாரோ’ என்று இருவரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் பன்சாலியின் படத்தில் காதலர் இருவர் தொடக்கத்திலேயே தெரிகிறார்கள். ஓர் அண்டை வீட்டு மூத்தவனும் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சிறுமியும் தெரிவதில்லை. நெற்றிக் காயமும் அதற்கேற்பக் காதற்சின்னமாக மினுங்குகிறது.

விசுவாசம் என்று பார்வையாளர் குறிப்பது கதைநிகழ்ச்சியை அன்று என்பதற்கு இந்த இரண்டு படங்களிலேயே சான்று இருக்கிறது. நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் சந்திப்பதே இல்லை. பன்சாலி இருவரையும் துர்க்கா பூஜையில் சேர்த்து ஆடவைத்தார். பாடல் பெருவெற்றி, கூடவே வங்காளத்திலிருந்தும் இலக்கிய வாசகரிடமிருந்தும் கடுஞ்சினம். ஆனால் பிமல் ராயும் அந்த இருவரைச் சந்திக்கவைத்தவர்தான். சாலையில் பல்லக்கில் ஒருத்தி, நடந்து ஒருத்தி. சுசித்ரா சென்னும் வைஜயந்திமாலாவும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், ஒரு சொல்லும் பேசாமல் கடந்துபோகிறார்கள். இதுவும் நாவலில் இல்லாதது. இதைத் துரோகம் என்று எவரும் கொதித்ததாகத் தெரியவில்லை. படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாகவே அது நினைக்கப்படுகிறது. அக்காட்சியில் எவரும் ‘நான்’ என்று பாடவில்லை. படக்கருவி சற்று விலகி நின்று இரண்டு பெண்களைப் பார்க்கிறது. சாது வழக்கின் கதைசொல்லி திரையில் ஒரு நிமிடம் உயிர்பெறுகிறார். படிக்காத பார்வையாளருக்கும் அது நாவல்போல் ஒலித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1995இல் பிபிசியில் தொடராக வந்தபோது, டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்துநிற்கும் காட்சியைத் திரைக்கதையாசிரியர் ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தார். நாவலில் அப்படி ஒரு குளிப்பு கிடையாது. அத்தொடரையே உண்மையான ஆஸ்டின் என்று கொண்டாடும் பார்வையாளருக்கு அது உறுத்தவில்லை. உணர்ச்சியைச் சொல்லத் தெரியாத மனிதன் என்னும் ஆஸ்டினின் வரைவை அந்தக் காட்சி குலைக்கவில்லை என்பதால் போலும். ஆஸ்டின் ஆர்வலர்கள் கோபிக்கக்கூடும், தேவதாஸுக்குத் திரும்பலாம்.

பல்கலைக்கழக வகுப்பறைகளில் இன்று ஓங்கி ஒலிக்கும் எதிர்வினை வேறு. பெண்ணை அடித்தவனை, குடித்து அழிந்தவனை ஏன் காவியநாயகன் ஆக்க வேண்டும் என்று மாணவர் கேட்கிறார்கள். அவர்களுடைய சினம் நியாயமானது. அது சென்று விழும் இடம்தான் பிழையானது. ஆணின் தன்னிரக்கத்தைப் போற்றும் நூல் என்று சரத்சந்திரரின் நாவலைப் பாடத்திட்டத்திலிருந்து தள்ளிவிடச் சொல்பவர், அந்த நாவலைப் படிக்காமல் அந்தப் பொதுப்பெயரைப் படித்தவர். தேவதாஸுக்காக உருகுபவரும் படித்தது அதே பொதுப்பெயரை. இரு தரப்பாருக்கும் இடையே தீர்ப்பு வேறு. நூல் ஒன்றே, அது சரத்சந்திரருடையது அன்று. தன்னடக்கம் இல்லாதவன் என்று 1917லேயே எழுதியவரை, அதே குற்றத்தைக் கண்டுகொள்ளாதவர் என்று நூறாண்டுக்குப் பின் குற்றஞ்சாட்டுவது ஆய்வுத்துறைக்கு நல்ல பழக்கம் அன்று.

‘தேவ் டி’ இங்குக் கவனத்துக்குரியது. அதன் தேவ் சாவதில்லை. சந்தாவோடு வாழத் தொடங்குகிறான். செத்தால்தானே தேவதாஸ் என்று கேட்ட பார்வையாளர்கள் பொதுப்பெயரின் இலக்கணத்தைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் வெளிப்படையாக மூலத்தை மீறிய அந்தப் படம்தான் தேவின் தன்னிரக்கத்தை நகைப்புக்குரியதாக்கிக் காட்டுகிறது. ‘நான்’ என்று பாடுபவனைச் சற்று விலகி நின்று பார்க்கிறது. நாவலின் இரண்டாம் அடைமொழியை இந்தித் திரை அவ்வளவு துணிவோடு சொன்னது அரிது.

இத்தனை எதிர்வினைகளிலும் பெண்கள் இருவர் பொதுப்பெயராகவே இல்லை என்பதையும் குறிக்க வேண்டும். விட்டுக்கொடுக்காமல் மறுத்தவளைப் ‘பார்வதி ஆகிவிட்டாள்’ என்று எந்த மொழியும் சொல்வதில்லை. பிமல் ராய் படத்துக்காகத் துணைநடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அறிவிக்கப்பட்டபோது வைஜயந்திமாலா அதை ஏற்க மறுத்தார். சந்திரமுகி துணைப்பாத்திரம் அல்ல, பார்வதிக்கு நிகரான நாயகி என்பது அவர் வாதம். நாவலைப் படித்தவர்க்கு அவ்வாதத்தில் ஐயம் எழாது. சந்திரமுகி தொழிலை விட்டு, அசத்ஜுரி என்னும் சிற்றூரில் மண்குடிசை போட்டு, ஊராருக்கு உதவி வாழ்ந்தவள். தேவதாஸைத் தேடி அவன் ஊர்வரை சென்றவளும் அவளே. தமிழில் இன்று சந்திரமுகி என்று சொன்னால் 2005இல் பி. வாசு இயக்கிய படத்தின் ஆவிதான் எழுந்து வருகிறது. அவளும் ஒரு நடனக்காரிதான்.