தொப்பியில் இருக்கும் புலி யாரைக் கடிக்கும்?



2019 அக்டோபரில் என் கைத்தொலைபேசி ஓயவே இல்லை. அழைத்தவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "சார், பையன் தண்ணீர்மலை தைப்பூசத்துல ஒரு தொப்பி வாங்கினான். புலிப் படம் போட்டது. எரிச்சிரட்டுமா?"

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அந்த மாதம்தான் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 தமிழர்களைச் சோஸ்மா சட்டத்தில் பிடித்தார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். அக்டோபர் 27 தீபாவளி. அன்று 12 பேரும் காவலில் இருந்தார்கள்.

சிலர் மீதான குற்றச்சாட்டு என்ன தெரியுமா? கைத்தொலைபேசியிலும் முகநூலிலும் பிரபாகரன் படம் வைத்திருந்தது! தண்டனைச் சட்டம் 130ஜேபி பிரிவின்படி, பயங்கரவாத அமைப்பு தொடர்பான பொருளை வைத்திருந்தாலோ காட்டினாலோ 7 ஆண்டு வரை சிறை. தொப்பி, சட்டை, சாவிக்கொத்து, காரில் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாமே 'பொருள்'தான். புலிகளை 2014-இல் நம் அரசு அந்தப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்ததை எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்குச் சொன்னது?

2020 பிப்ரவரி 21-இல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 வழக்குகளையும் கைவிட்டார். லெனின், மாவோ, சே குவேரா படங்களைப் போல ஒருவர் தம் நாயகனின் படத்தை வைத்திருப்பதால் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இதைச் சொல்ல நான்கு மாதமா? போன தீபாவளியை யார் திருப்பித் தருவார்?

சே குவேரா சட்டையை எந்த இரவுச் சந்தையிலும் வாங்கலாம். அதே சட்டையோடு அமெரிக்காவின் மியாமிக்குப் போனால், கியூபாவை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் முகம் சுளிக்கும். ஆனால் சே படத்துக்காக இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. தமிழன் படத்துக்குத்தான் தட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகப் பேசுவோம். 1996-இல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தத் தொப்பி வலிக்கும். 1990-இல் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கும் வலிக்கும். 2009-இல் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கோ அதே படம் ஆறுதல். யாருடைய கண்ணீரும் பொய் இல்லை. ஆனால் மனம் புண்படுவது வேறு, குற்றம் வேறு. புண்பட்ட மனதுக்குப் பேச்சுத்தான் மருந்து. லோக்காப் அல்ல!

இது தமிழர் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2015-இல் பெர்சே மஞ்சள் சட்டையைத் தடை செய்தார்கள். 2023 மே மாதம் வானவில் நிறம் போட்ட 172 சுவாட்ச் கைக்கடிகாரங்களைக் கடைகளில் பறிமுதல் செய்தார்கள். அந்த ஆகஸ்டில் தடையாணை வந்தது. விற்றால் 3 ஆண்டு வரை சிறை. சுவிட்சர்லாந்தில் அது கைக்கடிகாரம், இங்கே குற்றம்! கம்பெனி வழக்குப் போட்டது. பிடியாணை இல்லாமல் எடுத்தவற்றைத் திருப்பிக் கொடு என்று 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. கம்பெனிக்கு வழக்கறிஞர் வைக்கப் பணம் இருந்தது. தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைக்கு?

ஆகவே விவரம் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாடு போகும் பிள்ளையின் பையை ஒருமுறை பாருங்கள். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் 13-ஆம் பிரிவு, தடை செய்யப்பட்ட அமைப்பை ஆதரிப்பதுபோல் தோன்றும் உடையையும் பொருளையுமே குற்றமாக்குகிறது. புலிகள் அங்கே 2001 முதல் தடைப்பட்டியலில். இந்தியாவில் 1992 முதல் தடை. கதிர்காமத்துக்கோ நல்லூருக்கோ போகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம் இரக்கம் பார்க்காது. இங்கேயும் வழக்குகள்தான் கைவிடப்பட்டன. பட்டியல் அந்த அறிவிப்பால் மாறவில்லை.

போலீஸ் வந்தால் எந்தச் சட்டத்தில் பிடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்த நிலையம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சோஸ்மாவில் குற்றம் சாட்டாமலே 28 நாள் வைக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். ஆனால் குடும்பத்துக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். அது உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள். இந்த 28 நாள் அதிகாரத்தை 2022-இல் நாடாளுமன்றம் மேலும் 5 ஆண்டுக்கு நீட்டித்தது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "அதற்குக் கை தூக்குவீர்களா?" என்று வாசலிலேயே கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "எரிக்காதீங்கம்மா. போலீஸ் வருமோன்னு பயந்து ஒரு பொருளை எரிச்சா, அதையே தடயத்தை அழிச்சதா சொல்லுவாங்க. பையனை உட்கார வச்சுப் பேசுங்க. அது என்ன படம், யாருக்கு வலிக்கும், எந்தச் சட்டம் பாயும், எல்லாத்தையும் சொல்லுங்க. அப்புறம் போடுறதா வேண்டாமான்னு அவனே முடிவு செய்யட்டும்."

பயந்து கழற்றினால் அது அடிமைத்தனம். புரிந்து கழற்றினால் அது அறிவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

சிந்திப்போம். ஒன்றுபடுவோம்!