கணக்கில் வந்த மீன், காணாமல் போன மீன்

காவிரியில் பெரிய மீனைத் தேடிப் போகிறவருக்கு முதல் தேவை தூண்டில் அல்ல, ஆற்றைத் தெரிந்த ஆள். கர்நாடகத்தில் சிவனசமுத்திர அருவிக்குக் கீழே, காடுகளுக்கு நடுவே ஓடும் ஆற்றங்கரையில் தொட்டமாக்கலி, பீமேஸ்வரி, காலிபோர் என்று மூன்று முகாம்கள். 2012 வரை அங்கே இதுதான் எழுதப்படாத விதி. லண்டனிலிருந்து விலையுயர்ந்த ரீலும் கழியுமாக வந்திறங்கிய கனவான்கூட, உள்ளூர் வழிகாட்டி கை காட்டிய பாறையில்தான் போய் உட்கார்ந்தார்.

அவர்கள் தேடி வந்தது மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தில் பிறந்து ராட்சதனாக வளரும் மீன். 1946ல் மைசூரின் வான் இங்கன் பிடித்ததன் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் எடை. தூண்டில்காரர்களின் உலகில் காவிரிக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த மீன்தான்.

முகாமின் நாள் விடியற்காலையில் பரிசலில் தொடங்கும். இரை, கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டை. அதில் என்ன சேர்மானம் என்பது வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும் ரகசியம். ஆனால் உண்மையான வித்தை உருண்டையில் இல்லை, அதைப் போடும் இடத்தில். வேகமாக வரும் நீர் மடுவில் இறங்கும் விளிம்பு, பெரிய பாறைக்குப் பின்னால் ஓட்டம் ஒரு கணம் தயங்கும் இடம், மேலே அமைதியாகவும் அடியில் சுழலாகவும் இருக்கும் துண்டு நீர். புதியவருக்கு எல்லாம் ஒரே ஆறு. வழிகாட்டிக்கு அது அறை அறையாகப் பிரிந்த வீடு. எந்த அறையில் யார் குடியிருப்பது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு காத்திருப்பு. வெயில் ஏறும். எதிர்க்கரையில் யானை வந்து நீர் குடித்துப் போகும். மதியம் வரை ஒன்றும் நடக்காமல் போவது சாதாரணம். கடித்துவிட்டாலோ, ரீல் அலறும். மஹ்சீர் நேராக ஓட்டத்தோடு கீழே பாயும், பாறை இடுக்குகளில் நரம்பைச் சிக்க வைக்கும். அப்போது வழிகாட்டி தண்ணீரில் குதித்து, சிக்கலை எடுத்துவிட்டு, பரிசலைக் கீழ்நோக்கித் தள்ளுவார். சண்டை போட்டது கழி பிடித்தவர். மீனைக் கரை சேர்த்தது பெரும்பாலும் இவர்.

கடைசியில் எடை பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், குறிப்பேட்டில் எழுதுவார்கள். மீனை ஓடும் நீரில் தாங்கிப் பிடித்து, அது மூச்சு வாங்கித் தானாக நழுவும்வரை காத்திருந்து விட்டுவிடுவார்கள். பிடித்ததை விடுவதுதான் முகாமின் சட்டம்.

இந்த வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். வெடி வைத்து ஒரு மடுவையே காலி செய்வதைவிட, அதே மீனை உயிரோடு காட்டிச் சம்பளம் வாங்குவது மேல் என்று ஆனபோது, திருடியவர்களே காவல்காரர்கள் ஆனார்கள். காட்டிலாகா செய்ய முடியாததை மாதச் சம்பளம் செய்தது.

ஆனால் முகாமின் பெரிய சாதனை மீன் அல்ல, அந்தக் குறிப்பேடு. 1998 முதல் 2012 வரை காலிபோரில் பிடித்து விடப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் விவரம் அதில் இருந்தது. பின்னர் விஞ்ஞானிகள் அதை எடுத்து அலசினார்கள். முதல் பார்வையில் நல்ல செய்தி: ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது.

இரண்டாவது பார்வையில் அதிர்ச்சி. கூடியது வேறு மீன். நீலத் துடுப்பு மஹ்சீர், மகாராஷ்டிரத்தின் லோனாவலா பண்ணையில் வளர்த்து, ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்தில் காவிரியில் விடப்பட்ட இனம். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர், ஆரஞ்சுத் துடுப்புகளும் உயர்ந்த முதுகும் கொண்ட அந்தப் பழைய ராட்சதன், குறைந்துகொண்டே வந்திருந்தது. கிடைத்த சிலவும் பெரியவை. குஞ்சுகள் தலையெடுக்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம் போல. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டையும் தனித்தனியாக எழுதிவைத்த கைகள்தான் காட்டிக்கொடுத்தன.

விஞ்ஞானம் அப்போது எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பது வேடிக்கை. உலகப் புகழ்பெற்ற இந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பதே 2018ல்தான் உறுதியானது: டோர் ரேமாதேவி. அதே ஆண்டில் அது உலகச் செம்பட்டியலில், மிக அபாய நிலையில் உள்ள உயிரினமாகச் சேர்ந்தது. பெயர் கிடைத்ததும் ஆபத்தான பட்டியலில் இடம் கிடைத்ததும் ஒரே ஆண்டில்.

அதற்குள் தூண்டில் நின்றுவிட்டது. முகாம்கள் இருந்தது காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்தில் விலங்கைப் பிடிப்பதும் வேட்டைதான். விட்டுவிடுவதற்காகப் பிடித்தாலும் பிடித்ததே. இந்த வாதத்தில் தவறு இல்லை. கொக்கி குத்தினால் மீனுக்கு வலிக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தடை வந்தபோது தூண்டிலோடு சேர்ந்து வேறு மூன்றும் போயின: வழிகாட்டிகளின் அந்தப் பிழைப்பு, இரவும் பகலும் ஆற்றைப் பார்த்த கண்கள், குறிப்பேடு.

அணைகளும் மணல் அள்ளுவதும் வெடியும் தடையைப் பார்த்து நிற்கவில்லை. மேகதாதுவில் கர்நாடகம் கட்ட விரும்பும் அணை வந்தால், சரணாலயத்தின் ஒரு பகுதியே நீருக்கு அடியில் போகும். தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் தண்ணீர்ப் பங்கில் எத்தனையோ வழக்கு. அந்தத் தண்ணீரில் வாழ்வதற்குப் பங்கு கேட்டு யாரும் நீதிமன்றம் போனதாகத் தெரியவில்லை. திமில் மஹ்சீரின் தடம் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் இடங்களில் ஒன்று, நீலகிரியைச் சுற்றி ஓடும் மாயாறு.

தூண்டிலை மீண்டும் அனுமதிப்பதா வேண்டாமா என்பது சட்டம் தெரிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டியது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. எந்த மடுவில் எந்த மீன் என்று அறிந்த மனிதர்கள் ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கையில் தூண்டில் கொடுக்காவிட்டால் போகிறது. ஒரு குறிப்பேட்டையும் அதற்கான சம்பளத்தையும் கொடுக்கலாம்.